முத்துலட்சுமி அம்மையார் விட்டுச் சென்ற சொத்தில் உழவர் வீட்டுக்கும் பங்கு உண்டு

உழவர் வீட்டுப் பெண் ஒருத்தி கருவுற்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்கிறாள். அவளுக்கு அரசு தரும் உதவிக்கு 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்' என்று பெயர். "முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துவிட்டதா?" என்று வங்கி வாசலில் விசாரித்துக்கொள்வது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த அம்மையார் யார் என்று பண்ணை மகளிர் பயிற்சி முகாம்களில் கேட்டால், "யாரோ அந்தக் காலத்து டாக்டரம்மா" என்பதற்கு மேல் பதில் வருவது அரிது.

இன்னொரு பேச்சும் நம் கிராமங்களில் உண்டு. "அவரை அடையாறுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், கேட்பவர் முகம் வாடிவிடும். அடையாறு என்பது சென்னை நகரின் தென்பகுதி. அதே பெயருள்ள ஆறு கடலில் கலக்கும் இடம். வெளியூர்க்காரர்களுக்கோ அடையாறு என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான். அந்த ஆஸ்பத்திரியை எழுப்பியவரும் இதே முத்துலட்சுமி அம்மையார்தாம்.

அம்மையார் பெற்ற பிள்ளைகள் இருவர். வளர்த்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி அவர் காலமானபோது, 82 வயது நிறைய எட்டு நாட்களே இருந்தன. அவர் விட்டுச் சென்ற சொத்து இரண்டு நிறுவனங்களும், அவர் போராடிப் பெற்றுத் தந்த சட்டங்களும் ஆகும். அந்தச் சொத்தில் சிறு விவசாயியின் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. பங்கு இருப்பதே தெரியாமல் பல குடும்பங்கள் காலம் கடத்திவிடுகின்றன. ஆகவேதான் விவசாயப் பக்கத்தில் அவர் வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமாகிறது.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். பெண் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே திருமணம் பேசிய காலம் அது. முத்துலட்சுமியோ படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பள்ளிக்கு அனுப்ப முடியாத நாட்களில் தந்தையார் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

மகாராஜா கல்லூரியில் அப்போது ஆண்கள் மட்டுமே படித்தனர். ஒரு பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்று சில பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள அனுமதி தந்தார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராக வெளிவந்தார். நாட்டின் முதல் பெண் டாக்டர்கள் சிலருள் அவரும் ஒருவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணப்பதற்கு முன் ஒரு நிபந்தனை விதித்தார்: தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. கணவர் அதை ஏற்றுக்கொண்டார். நாற்றுக்கு நாள் குறிப்பதிலிருந்து நிலத்தை அடகு வைப்பது வரை, வீட்டுப் பெண்ணைக் கேட்காமலேயே முடிவு செய்யும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. நூறு ஆண்டுகளுக்கும் முன் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தை நாம் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நிலத்தோடு கட்டப்பட்டிருந்த பெண்கள்

1926ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் இடம்பெற்ற முதல் பெண் இவரே. சபையினர் இவரைத் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். அங்கே இவர் எடுத்துக்கொண்ட காரியங்களுள் ஒன்று, விவசாயிகளுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஒரு நிலப் பிரச்சினை.

அக்காலத்தில் கோயில்களுக்குச் சிறு பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. தேவதாசி என்று அவர்களை அழைத்தனர். கோயிலில் அவர்கள் செய்யும் ஊழியத்துக்காக மானிய நிலமோ, நில வருவாயில் ஒரு பங்கோ அக்குடும்பத்துக்கு விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் மானியமும் போய்விடும். எனவே ஒருத்திக்கு வயதானால், அடுத்து ஒரு பெண் குழந்தையைப் பொட்டுக்கட்டினால்தான் நிலம் குடும்பத்தில் தங்கும். சோற்றுக்கு வழி அந்த நிலம் ஒன்றுதான் என்றால் அக்குடும்பம் என்ன செய்யும்? நிலத்தைக் காக்கக் குழந்தையைக் கொடுத்தார்கள்.

இது தவறு என்று மேடையில் பேசுவதோடு அம்மையார் நிற்கவில்லை. வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதன்படி அந்த மானியங்கள் கோயில் ஊழியம் என்ற நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்பட்டன. பெண்ணைப் பொட்டுக்கட்டாவிட்டாலும் வாழ்வாதாரம் பறிபோகாது என்ற நிலை வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அம்மையாரும், அவரைப் போலவே இதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், மற்றும் பலரும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டதன் பலன் அது.

நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்தான் வீட்டில் நிற்கும் என்பது உழவர்கள் அறியாததன்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை உண்டு என்று தமிழகம் 1989இல் சட்டத்தைத் திருத்தியது. 2005இல் நாடு முழுவதற்கும் அது சட்டமாயிற்று. பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதும்போது பெண் மக்களிடம் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் நல்லது.

வாசலுக்கு வந்த பிள்ளைகள்

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண் இரவு எங்கே படுப்பாள்? 1930ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட சில இளம்பெண்கள் அம்மையாரைத் தேடி வந்தனர். அவர்களுக்கு இடம் கேட்டு விடுதிகளை அணுகியபோது, இன்ன குலத்துப் பெண்கள் என்று காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டது. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கமாகும். தமிழ் மூதாட்டியின் பெயரையே இல்லத்துக்குச் சூட்டினார்.

வந்தவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்ததோடு அம்மையார் அமையவில்லை. படிக்க வைத்தார், தொழில் கற்க வைத்தார், சொந்தக் காலில் நிற்க வைத்தார். ஆதரவற்ற குழந்தைகள், கணவரால் கைவிடப்பட்ட பெண்கள் என்று குடும்பம் பெருகியது. இல்லம் அடையாறில் பெசன்ட் அவென்யூவில் நிலைபெற்று, பள்ளிகளோடு வளர்ந்தது. அதே 1886ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்பலட்சுமி அம்மையார், இளம் வயதில் கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்தவர். ஒரே ஆண்டில் பிறந்த இவ்விருவரும் சென்னையின் தென்பகுதியில் வளர்த்த குடும்பங்கள் பெரியவை.

காந்தியடிகள் 1930இல் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவி போயிற்றே என்று வீட்டில் உட்காரவில்லை. அதன் பிறகுதான் அவருடைய பெரிய காரியங்கள் இரண்டும் வளர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று அவ்வை இல்லம். மற்றொன்றுக்கு வித்து அதற்கும் முன்பே விழுந்திருந்தது.

தங்கையின் மரணமும் 12 படுக்கைகளும்

1923இல் அம்மையாரின் தங்கை சுந்தரம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அக்காள் டாக்டர், அக்காள் கணவரும் டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. நோய் முற்றிய பின் செய்யக் கூடியது மிகக் குறைவு. அந்தக் குறைவானதைச் செய்வதற்கும் தென்னாட்டில் தனி ஆஸ்பத்திரி இல்லை. இந்நோய்க்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டியே தீருவது என்று அம்மையார் அப்போது மனத்தில் உறுதி கொண்டார்.

எண்ணம் பிறந்தது 1923இல். ஆஸ்பத்திரி திறந்தது 1954இல். இடையில் 31 ஆண்டுகள்! புற்றுநோய் வந்தவர் பிழைப்பதில்லையே, அதற்கு எதற்கு ஒரு தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் பொறுப்பில் இருந்தவர்களிடமே அக்காலத்தில் இருந்தது. அம்மையார் சலிக்கவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கிப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி 12 படுக்கைகளுடன் அடையாறில் ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. நம்மில் பலர் திண்ணைக்குப் போய்விடும் வயது அது.

இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் மருத்துவத்தில் தேர்ந்து, தாயாரின் ஆஸ்பத்திரியைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தா 1955இல் இளம் டாக்டராக வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடாகவும் இருந்தது. 2005இல் மகசேசே விருது பெற்றவர் அவர். 12 படுக்கைகளுடன் தொடங்கிய இடம் இன்று பல நூறு படுக்கைகளுடன், ஏழை எளியவர்களுக்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை தரும் நிறுவனமாக நிற்கிறது. காந்தி நகரில் பழைய வளாகமும், கிண்டியிலிருந்து அடையாறு செல்லும் சர்தார் பட்டேல் சாலையில் மற்றொரு வளாகமும் உள்ளன.

வெண்கதிர் வருமுன்

இந்த ஆஸ்பத்திரிக்கு நம் கிராமத்தவர்கள் பெரும்பாலும் எப்போது போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நெல்லில் குருத்துப்பூச்சி தாக்குவதை எடுத்துக்கொள்வோம். இளம் பயிரில் நடுக்குருத்து வாடும்போதே கவனித்தால் பயிரைக் காப்பாற்றலாம். அதற்கும் முன்னால், சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் தென்படும்போதே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறோம். கவனிக்காமல் விட்டு, வெண்கதிர் வெளிவந்த பிறகு மருந்து தெளித்தால் மருந்துக்கான செலவுதான் மிச்சம். அந்தக் கதிரில் மணி பிடிக்காது.

புற்றுநோயும் ஏறக்குறைய அப்படித்தான். தொடக்கத்தில் கண்டுகொண்டால் குணமாகும் வகைகள் பல. முற்றிய பிறகு போனால் நிலத்தை விற்றாலும் பயன் குறைவு. வயலில் நாள்தோறும் இலையைப் புரட்டிப் பார்க்கும் நாம், வீட்டுப் பெண் "மார்பில் சிறு கட்டி இருக்கிறது, வலிக்கவில்லை" என்றால் "வலிக்கவில்லையே, விடு" என்கிறோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தி அன்று.

கீழ்க்கண்டவற்றுள் எது இருந்தாலும் நாட்டு வைத்தியம், கைவைத்தியம் என்று மாதங்களைக் கடத்தாமல் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும்:

1. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலாகியும் ஆறாத வாய்ப்புண். வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு. வாயை முழுதும் திறக்க முடியாமை.

2. மார்பகத்தில் கட்டி, தோலில் குழி விழுதல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு.

3. மாதவிலக்கு நின்று போன பெண்ணுக்கு மீண்டும் உதிரப்போக்கு, உடலுறவுக்குப் பின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்.

4. மலத்தில் இரத்தம், காரணமின்றி மலம் கழிக்கும் வழக்கம் மாறுதல். மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது.

5. விழுங்குவதில் சிரமம், நீங்காத குரல் கம்மல், காரணம் தெரியாத உடல் மெலிவு.

இவை எல்லாமே புற்றுநோய் என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் வேறு சிறு காரணங்களாகவே இருக்கும். டாக்டர் பார்த்துச் சொன்னால் மன நிம்மதி. வேறு விதமாகச் சொன்னாலோ உயிர் லாபம்.

திண்டுக்கல் கிராமங்கள் காட்டிய வழி

ஒரு புதிய ரகம் நல்லதா என்று தெரிய, பக்கத்தில் ஒரு ஒப்பீட்டு வயலும் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறையில் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஒரு தொகுதிக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயை ஒரே ஒரு முறை பரிசோதித்தனர். மறு தொகுதிக் கிராமங்களில் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்ந்தது.

சோதனை மிக எளியது. காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவுகிறார்கள். சில நிமிடங்களில் கோளாறுள்ள இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகளே இதைச் செய்தனர். ஏறத்தாழ 31,000 பெண்கள் சோதனைக்கு வந்தனர். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, சோதனை நடந்த கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. இம்முடிவு 2007இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. சோதனைக்கு வந்தவர்கள் நம் கிராமத்துப் பெண்களே. வாழ்நாளில் ஒரே ஒரு நாள் வெட்கத்தை விட்டுப் படுத்ததால் கிடைத்த பலன் இது.

இச்சோதனை இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்யப்படுகிறது. 30 வயது கடந்த பெண்கள் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் காட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசியும் உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொண்டால் அதன் பலன் மிகுதி. உங்கள் வட்டாரத்தில் அது எங்கே கிடைக்கும் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டறியலாம்.

சுருக்குப் பையில் இருக்கும் எதிரி

களையெடுக்கும்போதும் நடவின்போதும் பசியும் களைப்பும் தெரியாமலிருக்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது பெண்களிடமும் உண்டு. வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே முதல் வாசல். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கை ஓயாமல் மெல்வது கேடு என்று ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தியுள்ளன. விருந்துக்குப் பின் தாம்பூலம் என்பது வேறு; விடிந்தது முதல் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பது வேறு. சாயமும் வாசனையும் சேர்த்துப் பொட்டலத்தில் விற்கும் பாக்கைப் பிள்ளைகள் கையில் கண்டால் உடனே தடுக்க வேண்டும்.

கூலிக்கு ஆள் வைக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். காலைக் கஞ்சியும், பதினோரு மணிக்குக் குடிக்க மோரோ கூழோ கொடுத்துப் பாருங்கள். பசியை மறைக்கத்தான் பலர் சுருக்குப் பையைத் தேடுகிறார்கள்.

சிகிச்சையைப் பாதியில் விடலாகாது

கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் பல வாரங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டியது. நடவு வந்துவிட்டது, அறுவடை வந்துவிட்டது என்று நடுவில் ஊருக்கு வந்துவிடுபவர்கள் உண்டு. களைக்கொல்லியைப் பாதி வயலுக்கு மட்டும் அடித்தது போல் ஆகிவிடும் அது. சிகிச்சைக்குப் போகுமுன் வயல் வேலையை உறவினரிடமோ பக்கத்து வயல்காரரிடமோ ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், பரிசோதனைச் சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு செல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும் என்பதும் இல்லை. முதலில் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனையும் இயங்கி வருகிறது.

மகப்பேறு உதவி: பணத்தைவிடப் பெரிய பயன்

அம்மையார் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் ரொக்கம்; மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு இது உரியது. தவணைகளும் விதிகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. கர்ப்பம் என்று தெரிந்தவுடன், 12 வாரங்களுக்குள், பெயரைப் பதிந்துவிட வேண்டும். காலம் தாழ்த்திப் பதிவதால்தான் பலருக்குத் தவணை தவறிப்போகிறது.

இந்தத் தொகை எதற்கென்று வீட்டுத் தலைவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கருவுற்ற பெண்ணின் வாய்க்கும் வயிற்றுக்கும் உரிய பணம் அது. உரக்கடைப் பாக்கிக்கும் மோட்டார் பழுதுக்கும் திருப்பிவிடுவது முறையன்று. முதல் மூன்று மாதம் கழிந்தபின் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை வீதம் குறைந்தது 180 நாட்களுக்குச் சாப்பிட வேண்டும். காப்பி, தேநீருடன் அதை விழுங்கலாகாது. சத்து உடலில் சேராது. மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் அநேகம்.

வீட்டுக் கொல்லையில் ஒரு சென்ட் இடம் இருந்தாலும் போதும். ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஓர் எலுமிச்சை, இரண்டு பாத்தி தண்டுக்கீரை, வேலியோரம் அவரையும் பாகலும் வைத்துக்கொள்ளலாம். குளியல் நீர் பாய்ந்தே இவை வளர்ந்துவிடும். கடைக்குப் போகாமல் வீட்டிலேயே கீரையும் காயும் கிடைக்கும். கருவுற்றவள் கடைசியாக, மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை மாமியார்மார் மாற்றினால், இரத்த சோகை பாதி குறையும். பப்பாளியைப் பொறுத்தவரை காயைத் தவிர்த்துவிட்டு, நன்கு பழுத்ததை வீட்டிலுள்ள மற்றவர்கள் உண்ணலாம். கருவுற்றவர் டாக்டரைக் கேட்டு உண்பது நல்லது.

பெண் பிள்ளையின் படிப்பு

குழந்தைத் திருமணத்துக்கு எதிராகவும் அம்மையார் சட்டசபையில் வாதாடினார். 1929இல் வந்த சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை 14 என்று வைத்தது. 1978இல் அது 18 ஆயிற்று. அப்படியிருந்தும் நல்ல வரன், சொந்தத்தில் மாப்பிள்ளை, கிணற்று நிலம் என்றெல்லாம் சொல்லிப் பதினாறில் முடித்துவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வளர்ச்சி முடியாத உடம்பில் பிள்ளைப்பேறு என்றால் தாய்க்கும் கேடு, சேய்க்கும் கேடு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வகுப்பு வரை படித்த பெண் மேற்படிப்பில் சேர்ந்தால், 'புதுமைப் பெண்' திட்டத்தின் கீழ் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட அதே அம்மையார்தாம். ஆக, பேரன் பேத்தி பிறப்பதற்கு ஒரு அம்மையார் பெயரில் உதவி; மகள் படிப்பதற்கு இன்னொரு அம்மையார் பெயரில் உதவி. இரண்டும் உழவர் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

செய்ய வேண்டியவை

நடுவண் அரசு 1956இல் முத்துலட்சுமி அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவர் பிறந்த நாளான ஜூலை 30, தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுகிறது. அது ஆடி மாதத்தில், பல பகுதிகளில் விதைப்புக்கு ஆயத்தம் செய்யும் நாட்களில் வருகிறது. அந்த வாரத்தில் உழவர் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிட்டு விதைப்பு வேலையில் இறங்கலாம்:

* வீட்டிலுள்ள 30 வயது கடந்த பெண்கள் அனைவரும் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுதல். தனியே போகத் தயங்குவோர் மகளிர் குழுவாகச் சேர்ந்து போகலாம்.

* புகையிலை போடும் ஆண், பெண் இரு பாலாரும் வாயைக் காட்டிக்கொள்ளுதல். விட்டுவிட ஆலோசனை கேட்டல்.

* மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்தினர் பெயர் அனைத்தும் உள்ளனவா என்று சரிபார்த்தல்.

* கருவுற்ற பெண் இருந்தால் பதிவு, தவணை, மாத்திரை மூன்றையும் விசாரித்தல்.

* பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளின் மேற்படிப்புக்கு மனுச் செய்தல்.

அடுத்த முறை உங்கள் மருமகளோ மகளோ மகப்பேறு உதவிப் படிவத்தை நிரப்பும்போது, அதில் உள்ள பெயருக்கு உரியவர் யார் என்று அவளுக்குச் சொல்லுங்கள். தங்கையைப் பறிகொடுத்தவர், அடுத்த வீட்டுத் தங்கையாவது பிழைக்கட்டும் என்று 31 ஆண்டுகள் பாடுபட்டார் என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு, வீட்டில் மூத்த பெண்மணியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கடைசியாக டாக்டரிடம் தம் உடம்பைக் காட்டியது, கடைசிப் பிள்ளையைப் பெற்றபோதாக இருக்கும்.